மண்டைதீவில் நிற்காத வாகனங்கள்

1830 ஏப்ரல் 6ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் ஃபயெற் என்ற சிற்றூரில், ஒரு விவசாயியின் மரவீட்டில் மோர்மன் சபை முறைப்படி தொடங்கப்பட்டது. அன்று ஜோசப் ஸ்மித் தம் சபையாருக்கு அறிவித்த தெய்வக் கட்டளையின் முதல் வரியே ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்பதுதான். அதற்குப் பிறகு அந்தச் சபை ஊர் ஊராக அடித்துத் துரத்தப்பட்டது. ஒகாயோ, மிசூரி, இல்லினோய் என்று ஓடி, 1847இல் யூட்டாவின் உப்பேரிக் கரையில் நிலைகொண்டது. ஓடிய காலத்திலும் எழுதுவதை அவர்கள் விடவில்லை. யார் எங்கே பிறந்தார், யாரை எங்கே புதைத்தோம், எந்த ஆற்றை எந்த நாளில் கடந்தோம் என்று நாட்குறிப்புகளில் குறித்துக்கொண்டே போனார்கள்.

அந்தக் குறிப்புகளின் பயனை இன்று பார்க்கலாம். வேர்மொன்றில் ஸ்மித் பிறந்த ஊரான ஷரனில் 1905இல் ஒரு கருங்கல் தூண் நிறுத்தினார்கள். அவர் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓரடியாக அதன் உயரம் முப்பத்தெட்டரை அடி. 1844இல் அவரும் அண்ணன் ஹைரமும் சுட்டுக் கொல்லப்பட்ட கார்த்தேஜ் சிறைச்சாலையை 1903இல் சபையே விலைக்கு வாங்கியது. பல்மைராவில் அவர் வளர்ந்த பண்ணையை 1907இல் வாங்கியது. ஒகாயோவில் 1836இல் கட்டிய கேர்ற்லண்ட் ஆலயம், பிரிந்துபோன இன்னொரு சபையின் கையில் நெடுங்காலம் இருந்தது. அதையும் வேறு சில இடங்களையும் 2024 மார்ச்சில் 19 கோடியே 25 இலட்சம் டொலர் கொடுத்து மீட்டார்கள். கோடை விடுமுறை வந்தால் மோர்மன் குடும்பங்கள் பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு இந்த வழியே ஆயிரம் மைலுக்கு மேல் போகின்றன. இடங்களைச் சுற்றிக்காட்டுபவர்களில் பலர் ஓய்வுபெற்ற முதிய கணவன் மனைவியர். அவர்கள் அதைச் சம்பளமில்லாத ஊழியமாகச் செய்கிறார்கள்.

மண்டைதீவைப் பற்றி எழுதப் புகுந்தவன் அமெரிக்கச் சபை ஒன்றின் கதையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்தச் சபை முளைத்த அதே மண்ணில், அதே சமய எழுச்சியில், அதே ஆண்டுகளில்தான் யாழ்ப்பாணத்தின் நவீன கல்வியும் மருத்துவமும் அச்சும் கருக்கொண்டன. 1815 ஒக்ரோபரில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ற் துறைமுகத்திலிருந்து டிரையட் என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. டானியல் பூவர், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ், பெஞ்சமின் மெய்க்ஸ், எட்வேர்ட் வொறன் ஆகியோரைச் சுமந்து அது 1816 மார்ச்சில் கொழும்புக்கு வந்தது. அவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கம் 1810இல் அமைந்தது. அதற்கு வித்திட்டது 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், மழைக்கு வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கி நின்று செய்த செபம் என்பார்கள். அந்த ஐவரில் ஒருவர் இந்த றிச்சர்ட்ஸ். டிரையட் கடலில் வந்துகொண்டிருந்தபோது, இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் கக்கிய சாம்பல் உலகின் வானத்தை மூடியிருந்தது. 1816இல் வடகிழக்கு அமெரிக்காவில் கோடையே இல்லை. யூன் மாதத்தில் பனி பெய்து பயிர் கருகியது. வேர்மொன்றில் வாழ வழியற்றுப்போன ஸ்மித் குடும்பம் மேற்கே பல்மைராவுக்கு வண்டி கட்டியது. அந்த ஆண்டின் இறுதி மாதங்களில்தான் பூவரும் வொறனும் தெல்லிப்பழையில் இடிந்து கிடந்த தேவாலயத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பகுதிக் கதை மேற்கே போய் யூட்டாவில் முடிந்தது. மறு பகுதி கிழக்கே வந்து நம் வேலிக்குள் நுழைந்தது.

மேற்கே போன கதைக்கு வழிகாட்டிப் பலகையும் வரைபடமும் உண்டு. நம் வேலிக்குள் வந்த கதைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் குடும்பங்கள் தீவுப்பகுதிக்கு வான் பிடிக்கின்றன. விடியப் புறப்பட்டு, பண்ணைப் பாலத்தால் குறிகட்டுவானுக்கு ஓடி, படகேறி நயினாதீவு அம்மனைத் தரிசித்து, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்கள். சிலர் நெடுந்தீவுக்குப் போய்க் கோட்டையும் குதிரைகளும் பெருக்கு மரமும் பார்ப்பார்கள். பண்ணைக் கடலில் இரு பக்கமும் சிறகுவலைக் கம்புகள் வரிசையாக நிற்கும். முழங்காலளவு நீரில் ஆட்கள் நடந்து மீன் எடுப்பதை வானுக்குள் இருந்தபடியே படம் பிடிப்பார்கள். பாலம் முடிகிற இடத்தில் மண்டைதீவுச் சந்தி. அதில் நிற்கிற வாகனம் அபூர்வம். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள தீவு என்பதாலேயே அது வழியில் கழிந்துபோகிற ஊராகிவிட்டது.

அந்தச் சந்தியில் தொடங்கி ஒரு வட்டம் போகலாம். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, கரம்பொன், ஊர்காவற்றுறை. அங்கிருந்து காரைநகருக்குப் பாலமில்லை. பாதை என்று ஊரவர் சொல்லும் மிதவைதான் ஓடுகிறது. மோட்டார் சைக்கிளும் ஆட்களும் அதில் போகலாம். வானில் வந்தவர்கள் பட்டினம் திரும்பி மற்றப் பக்கத்தால் வரவேண்டும். காரைநகரிலிருந்து பொன்னாலைப் பாலத்தால் வட்டுக்கோட்டை. பிறகு பண்டத்தரிப்பு, சில்லாலை, தெல்லிப்பழை, உடுவில், மானிப்பாய். பொழுது சாய்வதற்குள் பட்டினத்துக்குத் திரும்பிவிடலாம். ஒரே நாளில் இத்தனை அடுக்கு வரலாற்றைத் தொட்டுப் போகக்கூடிய வேறொரு வழி இலங்கையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கரம்பொன்னில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கிய தனிநாயகம் அடிகள் 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி பிறந்த ஊர் அது. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் செபநூலையும், 1679இல் அச்சான அந்தாம் தெ புரொயென்சாவின் தமிழ் போர்த்துக்கேய அகராதியையும் ஐரோப்பிய நூலகங்களின் அலுமாரிகளிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் இந்தத் தீவின் பிள்ளை. தமிழின் தொலைந்த பதிவுகளைத் தேடுவதற்கென்றே வாழ்ந்தவரின் சொந்த ஊர், நம் பயண நிரலில் இல்லை.

வட்டுக்கோட்டையில் நின்று பார்க்க நிறைய இருக்கிறது. அங்குள்ள பேராலயத்துக்கு அடித்தளம் போர்த்துக்கேயர் காலத்தது. சுவர் ஒல்லாந்தர் எழுப்பியது. 1658இலிருந்து சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த ஒல்லாந்தப் போதகர் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில், குடாநாட்டுத் தேவாலயங்களைப் படங்களாகவே வரைந்து வைத்திருக்கிறார். மெய்க்ஸும் றிச்சர்ட்ஸும் 1817இல் வந்தபோது கூரையில்லாத வெறுஞ் சுவர்களே நின்றன. கூரை போட்டது அமெரிக்கர். சுவரருகே போய்த் தொட்டுப் பார்த்தால் முருகைக்கல்லின் துளைகள் விரலில் தட்டுப்படும். மூன்று சாம்ராச்சியங்கள் ஒரே கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியிருந்திருக்கின்றன. சுவர் எடுத்த கல் மட்டும் நம் கடலுடையது.

அந்த வளவில் 1823இல் தொடங்கிய செமினரி, தமிழும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் சேர்த்துக் கற்பித்தது. சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரைச் சூட்டுவது அந்நாளைய வழக்கம். தம் பெயரில் ஒரு தமிழ்ப் பிள்ளை படிக்கிறது என்று நியூ இங்கிலாந்தின் ஒரு குடும்பம் அறிந்திருக்கும். இப்படித்தான் கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற பெயர்கள் நமக்குக் கிடைத்தன. அந்தப் பெயர்களில் சில இன்றும் குடும்பப் பெயர்களாகத் தொடர்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் இந்த வளவில் படித்தவர்கள். ஏட்டுச் சுவடியில் கிடந்த தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் பின்னாளில் அச்சேற்றிய கை இங்கே பழகியது. 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், சபைக்கு வரவில்லை என்பது பொஸ்ரனிலிருந்து வந்த மிஷன் சங்கச் செயலாளர் றூஃபஸ் அன்டர்சனின் குறை. சபையின் கணக்கில் அது நட்டமாக இருக்கலாம். தமிழின் கணக்கில் அப்படியல்ல.

சில்லாலையை விரைந்து கடக்கிறேன், ஆனால் பெயர் சொல்லாமல் கடக்க முடியாது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கையில் கரையேறிய கோவாக் குருவான யோசே வாஸ் அடிகளுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் அது. 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

உடுவிலில் 1824இல் ஹாரியட் வின்சிலோ பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்தறிவு வேண்டாம் என்று ஊரே சொன்ன காலம். 1833இல் அவர் அங்கேயே இறந்தார். ஐசன்ஹோவர் ஆட்சியில் அமெரிக்க வெளிநாட்டமைச்சராக இருந்த ஜோன் ஃபொஸ்ரர் டல்லஸ் அவருடைய கொள்ளுப்பேரன். கணவர் மிரோன் வின்சிலோவின் பெயரைத் தமிழ் படிக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1862இல் சென்னையில் வெளிவந்த அந்தப் பெரிய அகராதி இன்றும் மேசையில் இருக்கிறது. 1840இல் வந்த எலைசா அக்னியூ, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிலில் தாயையும் மகளையும் பேத்தியையும் ஒரே வகுப்பறையில் கண்டவர். மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1840களின் முடிவில் வைத்தியத்தைத் தொடங்கி, 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துக் காட்டினார். மருத்துவம் தமிழில் முடியுமா என்று இன்று விவாதிப்பவர்கள், அவர் மொழிபெயர்த்த நூல்களைத் திறந்துவிட்டுப் பேசட்டும்.

இந்த இடங்கள் எல்லாம் அழியாமல் நிற்பதற்குக் காரணம், அவை நினைவிடங்களாக வைக்கப்படாததுதான். உடுவிலில் மணி அடித்தால் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்கள். மானிப்பாயில் நோயாளி வரிசையில் நிற்கிறார். வட்டுக்கோட்டையில் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. மோர்மன் சபை கோடிக்கணக்கில் செலவழித்துப் பழைய வீட்டின் உலைக்களத்தையும் நூற்புராட்டினத்தையும் திரும்பச் செய்துவைக்கிறது. நம்மிடம் உயிரோடு இருப்பது அவர்களிடம் காட்சிப்பொருளாக இருக்கிறது. இதில் நாமே கொடுத்துவைத்தவர்கள் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் உபயோகம் மறதியையும் கூடவே கொண்டுவரும். தினமும் ஏறி இறங்குகிற படிக்கட்டை யார் கட்டினார் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அமெரிக்க மிஷனின் மூலக் கடிதங்கள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹூற்றன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் கைக்கு எட்டிய தூரத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சேர்த்துவைத்த 97,000 நூல்கள் 1981 யூனில் ஓரிரவில் எரிந்தன. அதற்குப் பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டிகளில் இருந்த ஞானஸ்நானச் சான்றும் குடும்பப் படமும் போயின. பதிவு வைக்க வேண்டும் என்று நமக்கு எந்தத் தெய்வக் கட்டளையும் வரவில்லை. மானிப்பாயில் பிறந்து நல்லூரில் ஊழியம் செய்த சுவாமி ஞானப்பிரகாசர் போன்ற ஒரு சிலர், கால்நடையாக ஊர் ஊராய்ப் போய் எழுதிவைத்ததுதான் கத்தோலிக்க வரலாற்றில் பெரும் பகுதி.

இனி, மண்டைதீவுச் சந்திக்குத் திரும்ப வேண்டும்.

மோர்மன் பயண வழியில் மிசூரியில் ஹோன்ஸ் மில் என்றோர் இடம் உண்டு. 1838 ஒக்ரோபர் 30ஆம் திகதி ஆயுதக் கூட்டமொன்று அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்து 17 பேரைக் கொன்றது. சிறுவர்களும் அதில் அடக்கம். புதைகுழி வெட்ட அவகாசமில்லாமல், தோண்டி முடிக்காத கிணறு ஒன்றில் உடல்களை இறக்கி மண்ணிட்டு மூடினார்கள். இன்று அங்கே கட்டடம் எதுவுமில்லை, புல்வெளி மட்டும்தான். இருந்தும் குடும்பங்கள் மண் சாலையில் இறங்கிப் போய் அந்த வெளியில் நிற்கின்றன. பெயர்கள் எல்லாம் தெரியும், ஏனென்றால் உயிர் தப்பியவர்கள் எழுதிவைத்தார்கள்.

மண்டைதீவிலும் கிணறுகள் இருக்கின்றன. 1990 ஆகஸ்ட்டில் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஊர்களில் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. அவர்கள் உடல்கள் இங்குள்ள கிணறுகளில் போட்டு மூடப்பட்டன என்று ஊரவர் அன்றிலிருந்து சொல்கிறார்கள். அகழ்ந்து பாருங்கள் என்று கேட்கிறார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன், 1986 யூன் 10ஆம் திகதி, மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டார்கள். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் நடந்த படுகொலை எல்லோரும் அறிந்தது. அல்லைப்பிட்டியில் பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள்மேல் 2006 ஆகஸ்ட் 13ஆம் திகதி எறிகணை விழுந்தது. தப்பியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண், ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20ஆம் திகதி, அல்லைப்பிட்டிக்குப் போன இடத்தில் உடன் சென்ற ஒருவரோடு காணாமற்போனார். கடைசியாக அவரைக் கண்டது கடற்படையின் சோதனைச் சாவடியருகே. இதுவும் திருச்சபை வரலாறுதான். 1544இல் மன்னாரில் சங்கிலி மன்னன் ஆணையால் கொல்லப்பட்ட கத்தோலிக்கரை நாம் வேதசாட்சிகள் என்று நினைவுகூருகிறோம். அல்லைப்பிட்டிக் குருவானவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் இன்னும் எத்தனை நூற்றாண்டு காத்திருக்கப்போகிறோம்?

மோர்மன் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நான் செய்த ஒப்பீடு நேர்மையாகாது. 1857 செப்ரெம்பர் 11ஆம் திகதி, தெற்கு யூட்டாவின் மவுண்டன் மெடோஸ் புல்வெளியில், கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஏறத்தாழ 120 பேரை மோர்மன் படையினரே கொன்றார்கள். வெள்ளைக் கொடி காட்டி, காப்பாற்றுகிறோம் என்று வாக்குக் கொடுத்து வெளியே அழைத்துவந்து கொன்றார்கள். நெடுங்காலம் பழியைச் செவ்விந்தியர்மேல் போட்டார்கள். ஜோன் லீ என்ற ஒரேயொருவருக்கு 1877இல் தண்டனை நிறைவேறியது. 1999இல்தான் சபை அங்கே ஒழுங்கான நினைவுக்கல் எழுப்பியது. 150ஆம் ஆண்டில், 2007இல், சபைத் தலைவர்களில் ஒருவர் அதே இடத்தில் நின்று சபையின் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். தாம் அடிபட்ட இடங்களை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவந்த சமூகம், தாம் அடித்த இடத்தையும் காட்டத் தொடங்க ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

நம் வழியிலும் அப்படியான இடங்கள் உண்டு. செமினரிப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் உண்ண மாட்டோம் என்றதால் சமையலைப் பக்கத்துச் சைவர் காணியில் வைத்த கதையைச் சுவையாகச் சொல்கிறோம். அதே சாதிக் கட்டுப்பாடு தேவாலயத்துக்குள்ளும் சிலரைப் பாயிலும் சிலரை வாங்கிலும் இருத்தியதைச் சொல்வதில்லை. 1929இல் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கும்படி வந்த கட்டளைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். பண்ணைப் பாலத்துக்கு வரும் வானுக்கு அவர்கள் வாழ்ந்த சோனகத் தெரு சுற்று வழியும் அல்ல. மண்டைதீவில் நின்று நீதி கேட்கிற குடும்பம் அந்தத் தெருவிலும் இறங்க வேண்டும். இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளைக்கு நாம் பெரிதாக விளக்கம் சொல்லவேண்டியிராது.

2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். மைதானம் வரட்டும். இத்தனை காலம் யாரும் நிற்காத சந்தியில் ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள், ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் கிடைக்கும். அதற்கு முன் அந்தக் கிணறுகள் நீதிமன்ற மேற்பார்வையில் அகழப்பட வேண்டும். உடல்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரிய வேண்டும். இருந்தால் எலும்புக்குப் பெயர் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது அது. நாம் செய்யக்கூடியதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. தீவுப்பகுதிப் பங்குகளிலும் குடாநாட்டுச் சபைகளிலும் மிஞ்சியிருக்கும் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளைக் கைப்பேசியிலாவது படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கோயில் திருவிழா மலர்களையும் பாடசாலை ஆண்டு மலர்களையும் எறியாதீர்கள். இந்த ஊர்களிலிருந்து போய் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருப்பவர்கள், அம்மம்மாவும் அப்பப்பாவும் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். 1990இல் யாரைப் பிடித்தார்கள், கடைசியாக எங்கே கண்டார்கள், என்ன சட்டை போட்டிருந்தார் என்பதுவரை கேட்டு, திகதியோடு எழுதுங்கள். அடுத்த விடுமுறையில் நயினாதீவுக்கு வான் பிடிக்கும்போது சாரதியிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்: அண்ணை, போகும்போது மண்டைதீவுச் சந்தியில் ஒருக்கா நிற்பாட்டுங்கோ.